பேர் இல்லாத இடம்

2025 நவம்பர் 20, வியாழக்கிழமை காலை, கனகம்மாசத்திரத்துக்கும் திருத்தணிக்கும் நடுவே ஒரு கிராமத்தில், சின்னசாமி வீட்டு லேப்டாப்பில் பதினோரு ஜிபி இடம் காலியாக இருந்தது. வேண்டியது நூற்றைம்பது.

வேண்டியவள் அவருடைய மருமகள் சுதா. மருத்துவமனைகள் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் பில்களை வீட்டிலிருந்தபடியே சரிபார்க்கும் வேலை, சென்னையில் ஒரு நிறுவனத்தில் அவளுக்குக் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது. போனில் பேசிப் பார்த்தார்கள், பரீட்சை வைத்தார்கள், பிடித்துப் போயிற்று. கடைசியாக ஒன்றுதான் பாக்கி. அன்று மாலை நான்கு மணிக்கு அவர்களுடைய ஆள் ஒருவர் அங்கே இருந்தபடியே இந்த லேப்டாப்பைத் திறந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் அவர்களுடைய மென்பொருளை ஏற்றிவிட்டுப் போவார். ஒரே டிரைவில் நூற்றைம்பது ஜிபி இல்லையென்றால் பட்டியலில் அடுத்திருப்பவரைக் கூப்பிடுவார்கள். இதை அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கல்யாணமான புதிதில் சுதா கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போனவள். விடியுமுன் சத்திரத்து பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். திரும்பும்போது தெரு விளக்கு எரியும். பாப்பா பிறந்ததும் அது நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் சண்டை போடவில்லை. யாரும் போகவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டோடு இருந்துகொண்டு செய்கிற வேலையென்றால் தாராளமாகச் செய்யட்டும் என்று மாமனார் ஒரு முறை சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷமாகத் தேடி, இந்த ஒன்றுதான் கைக்கு வந்திருந்தது. இதுவும் போனால் இன்னொன்று எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது.

லேப்டாப் அவளுடையது அல்ல. நாத்தனார் கயல்விழி திருத்தணியில் பிளஸ் டூ படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது. கயல்விழியை ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. பீரோ போனது, கட்டில் போனது, மிக்ஸி போனது, லேப்டாப் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அங்கே அவர்களிடம் கம்ப்யூட்டர் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அங்கே இருந்தது தறிகள்தான்.

காலையில் பாப்பாவுக்கு இட்லி ஊட்டி முடித்ததும் சுதா அழிக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவன் கஜபதி, கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாக. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவன் சாமி. பெற்ற அப்பனே சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். காய்கறி ஏற்றும் குட்டி யானை வண்டி ஒன்று வைத்திருக்கிறான். அந்த வண்டியை விற்கலாமென்று நினைத்த காலத்தில் எடுத்த படங்களே ஒரு கோப்பு நிறைய இருந்தன. முன்பக்கம், பின்பக்கம், டயர், டயர், மறுபடியும் டயர். அவற்றைத் தூக்கினாள். வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்களைத் தூக்கினாள். பாப்பாவின் யானைப் பாட்டுகளில் பாதியைத் தூக்கினாள். கயல்விழியின் கல்யாண வீடியோவைத் தொடவில்லை. பிறகு கஜபதி சேர்த்துவைத்த தெலுங்குப் படங்கள் வந்தன. ஒன்றை மட்டும் விட்டுவைக்கும்படி அவன் கேட்டான்.

"மாலை போட்டுகினு சினிமாவுக்குச் சிபாரிசா, சாமி?" என்றாள் சுதா.

அவன் மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சரி எடுத்துடு என்றான். முகம் மட்டும் கொஞ்ச நேரம் சரியில்லை.

குப்பைத் தொட்டியையும் காலி செய்து, விண்டோஸ் பழைய அப்டேட்டுகளை வைத்திருந்த இடத்தையும் துடைத்தபின் காலி இடம் எழுபத்திரண்டு ஆனது. இனி அழிக்க ஒன்றுமில்லை. சுதா கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் கீபோர்டுக்குக் கீழே ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ஹார்ட் டிஸ்க் ஐந்நூறு ஜிபி என்று அதில் போட்டிருந்தது. திரையில் இருந்ததோ சி டிரைவ் ஒன்றே ஒன்று. அதன் மொத்த அளவே இருநூற்றுப் பத்துதான். கடையில் வாங்கும்போது சொல்கிற கணக்கும் உள்ளே காட்டுகிற கணக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பாதிக்குமேல் காணாமல் போகாது.

போனில் தேடினாள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் தமிழில் நிதானமாக விளக்கும் வீடியோ கிடைத்தது. அவன் சொன்ன இடத்தைத் திறந்ததும் ஹார்ட் டிஸ்க் முழுவதும் நீளமாக, கட்டம் கட்டமாகப் படம் விரிந்தது. ஓரத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள், தொடாதே என்று அந்தப் பையன் சொன்னவை. நடுவில் சி. அதற்கப்பால் பெரிதாக ஒரு கட்டம், இருநூற்று நாற்பது ஜிபிக்கு மேல், ஒட்டினாற்போல ஒரு துண்டு. இந்த இரண்டுக்கும் எழுத்து இல்லை, பெயர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் போடவில்லை.

அந்த நேரத்தில் சின்னசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தார். கையைத் துண்டில் துடைத்தபடி பின்னால் நின்று திரையைப் பார்த்தார். இந்த மாதிரிப் படம் அவருக்குப் புதிதல்ல. நிலத்தை அளக்க வருகிறவர்கள் விரிக்கும் புலப்படம் இப்படித்தான் இருக்கும்.

"இந்தப் பெரிய துண்டு யாரு பேர்ல கீது?" என்று கேட்டார்.

பேர் எதுவும் இல்லை மாமா, சும்மாதான் கிடக்குது, அதைத்தான் எடுக்கப் போகிறேன் என்றாள் சுதா.

"சும்மா கிடக்கறது எதுவும் இல்லம்மா. பேர் இல்லன்னா அது கவர்ன்மென்ட் இடம். தொடாத."

கஜபதி சிரித்தான். சுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது முழுக்கத் தப்பும் அல்ல. லேப்டாப்பைப் போட்டதும் கறுப்புத் திரையில் சில வரிகள் வரும். மேல் வரி, அரசு விண்டோஸோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்த பாஸ் லினக்ஸ், விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை ஓட்டுகிற இன்னொன்று; அந்தப் பெரிய கட்டம் அதனுடைய இடமாகத்தான் இருக்க வேண்டும். கீழ் வரி விண்டோஸ். சும்மா விட்டால் மேல் வரிக்குள் போய்விடும் என்பதால், போட்டவுடன் கீழ் அம்புக்குறியைத் தட்டுவது அந்த வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதுபோல ஒரு வழக்கம். பாப்பாவுக்கே தெரியும். லேப்டாப் கொடுத்த விழாவில் மேடையில் பேசியவர், அரசு கொடுத்ததை விற்கக் கூடாது, அழிக்கக் கூடாது என்று சொன்னதைச் சின்னசாமி முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கயல்விழி மேல் வரியைத் திறந்து காட்டி, இது கவர்ன்மென்ட் போட்டுக் குடுத்தது நைனா என்றாள். இரண்டையும் சேர்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பொட்டியில் பாதி நம்முடையது, பாதி அவர்களுடையது. அவர்கள் பாதியில் நாம் கால் வைக்காதவரை வம்பில்லை. இத்தனை வருஷம் அந்த வீடு அப்படித்தான் நடந்திருந்தது.

மாமனாரின் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுதாவுக்குத் தெரியும். ஊர் ஏரிக்கரையை ஒட்டி, அவர் நிலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு இருந்தது. அவருடைய அப்பா காலத்திலிருந்து உழுது பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முந்தின வருஷம் அளந்து பார்க்க வந்தவர்கள், இது யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். யார் பேரிலும் இல்லை. ஏரிப் புறம்போக்கு. சட்டப்படி அவர்கள் செய்ததில் தப்பில்லை. ஆனால் மண்ணுக்குள் வேர்க்கடலை காய் பிடித்திருந்தது. பிடுங்க ஒரு வாரம் கேட்டார். மண் தள்ளும் இயந்திரம் வாடகைக்கு வந்தது, காத்திருக்காது என்றார்கள். பக்கத்து நிலத்துக்காரர் வீரபத்திரன் தம் துண்டுக்கு முன்பே பட்டா வாங்கி வைத்திருந்ததால் அவருடைய வரப்பு ஒரு சாண்கூட நகரவில்லை. இதைச் சின்னசாமி சொல்லி அவள் கேட்டதில்லை. மாமியார் ஜெயம்மாள் சொல்லித்தான் தெரியும். ஜெயம்மாள் அன்று திருவாலங்காட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்; இருந்திருந்தால் மாமனாரோடு பேசும் பொறுப்பைச் சுதா அவளிடம் விட்டிருப்பாள்.

கஜபதி தன் பங்குக்கு எடுத்துச் சொன்னான். ஏழு வருஷமாக யாரும் வந்து பார்க்கவில்லை, இனிமேலா வரப்போகிறார்கள் என்றான்.

"நீ மலைக்குப் போற சாமி. உனக்கு எல்லாம் லேசாத் தெரியும்" என்றார் அப்பா.

சுதா கயல்விழிக்குப் போன் போட்டாள். என்ன இருந்தாலும் லேப்டாப் அவளுடையது. அவளுடைய பொருள் ஏதாவது அந்தப் பக்கம் இருக்கலாம். போனில் முதலில் தறிச் சத்தம்தான் கேட்டது. கயல்விழி வெளியே வந்து பேசினாள்.

"அதுல நான் இன்னா வெச்சேன் அண்ணி? ரெண்டு வாட்டி தொறந்தேன். ஒரு கோழி வரைஞ்சேன். மூடிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, நைனா கழனிக்குப் போனதும் அழித்துவிடுங்கள், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்றாள். சுதா பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான்: "என்னுதுன்னு ஞாபகம் வெச்சிகினு கேட்டீங்க பாருங்க, அதுவே போதும். இங்க வரவு செலவெல்லாம் நான் சின்ன போன்லதான் போட்டுகினு கீறேன்."

போனை வைத்ததும் சுதா மணியைப் பார்த்தாள். மாமனாருக்குத் தெரியாமல் செய்யலாம். அவர் பதினோரு மணிக்குக் கழனிக்குப் போவார், மதியம்தான் திரும்புவார். ஆனால் வேலை கிடைத்தால் இந்த வீட்டில் இந்த லேப்டாப்பில்தான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அவர் தினமும் பின்னால் வந்து நின்று பார்க்கப் போகிறார்.

அவரிடமே போனாள். மாமா, நான்கு மணிக்குள் இதைச் செய்தாக வேண்டும், நீங்கள் வேண்டாமென்றால் வேலை வேண்டாமென்று சென்னை ஆளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே போனைக் கையில் வைத்திருந்தாள்.

சின்னசாமி பின்கட்டுக்குப் போனார். மாட்டுக்கு ஏற்கெனவே தண்ணீர் காட்டியாயிற்று, மறுபடியும் காட்டினார். மாடு குடிக்கவில்லை. திரும்பி வந்து நின்றார்.

"அழிக்கிறதுன்னா அழி. ஆனா அழிச்சிட்டு சும்மா வுடக்கூடாது. சும்மா வுட்டா அது மறுபடியும் பேர் இல்லாமதான் கிடக்கும். வந்தவன் போனவன்லாம் கேப்பான். கையோட ஒரு பேர் எழுதிடணும். எழுத முடியுமா?"

முடியும் என்றாள் சுதா. அந்த வீடியோ பையனும் பெயர் கொடுக்கச் சொல்லித்தான் இருந்தான்.

பெரிய கட்டத்தின்மேல் சுட்டியை வைத்து அழி என்று கட்டளை கொடுத்தாள். கம்ப்யூட்டர் இரண்டு முறை நிச்சயமா என்று கேட்டது. இரண்டாம் முறை கேட்டபோது சின்னசாமி மலை இருக்கும் திசையைப் பார்த்து, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கட்டத்தின் தலைப்பட்டை நீலத்திலிருந்து கறுப்பாக மாறியது. ஒட்டியிருந்த துண்டையும் அழித்ததும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. புதிய டிரைவ் போடச் சொன்னாள். அது டி என்று ஓர் எழுத்தைத் தானே எடுத்துக்கொண்டு, பெயர் என்ன என்று கேட்டது.

"யாரு பேர் போடட்டும் மாமா?"

பாப்பா பேர் போடு என்றான் கஜபதி. சின்னசாமி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"பொட்டி யாருது? கயலுது. கயல்னு போடு."

சுதா ஆங்கில எழுத்தில் கயல் என்று அடித்தாள். ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது. டி டிரைவ், கயல், காலி இடம் இருநூற்று நாற்பத்தெட்டு ஜிபி. வேண்டியதற்கு மேலேயே தொண்ணூற்றெட்டு. கஜபதி கத்திரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருத்தணி மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். சின்னசாமி டீ போடச் சொல்லி, குடித்து, கழனிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். அந்தப் பேரை இன்னொரு தடவை காட்டு என்று கேட்டுப் பார்த்துக்கொண்டார்.

சோதனைக்கு முன் லேப்டாப்பை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும் என்று நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருந்தது. சுதா அணைத்துப் போட்டாள். வழக்கம்போல விரல் கீழ் அம்புக்குறியில் இருந்தது.

வரிகள் வரவில்லை. கறுப்புத் திரையின் மூலையில் வெள்ளையாக இரண்டே வரிகள், அவற்றின் முடிவில் துடித்துக்கொண்டு ஒரு கோடு. அம்புக்குறியைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். அதே இரண்டு வரிகள்.

"இன்னா எழுதிக் கீது?" என்று பின்னாலிருந்து கேட்டார் சின்னசாமி.

அந்த மாதிரி ஒரு பகுதி இல்லை என்று போட்டிருக்கிறது என்று சுதா உள்ளபடியே சொன்னாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அவர் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். "தெரிஞ்சிபோச்சு அவுங்களுக்கு" என்றார். திட்டவில்லை. நான்தான் அப்போதே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் சுதா போனும் கையுமாகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த இரண்டு வரிகளை அப்படியே அடித்துத் தேடினாள். நூறு பேருக்கு இது நடந்திருந்தது. நூறு பேரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருவர் எதை எதையோ அடிக்கச் சொன்னார், அடித்தாள், அப்படி ஒன்று தெரியாது என்றது திரை. இன்னொருவர் வேறொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவ் தயார் செய்துகொண்டு வரச் சொன்னார். வேறொரு கம்ப்யூட்டர் இருந்தால் அவள் ஏன் இதில் உட்காருகிறாள்? பாப்பா மடியில் ஏறி, திரையைப் பார்த்து, யானை எங்கே என்று கேட்டது. யானை தூங்குகிறது என்றாள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தபோது மாமனாரைக் காணவில்லை. ஆணியில் தொங்கும் வெள்ளைச் சட்டையையும் காணவில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர அந்தச் சட்டை ஆணியை விட்டு இறங்காது.

போன் போட்டாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"எங்க மாமா போயிகினு இருக்கீங்க?"

"திருத்தணிக்குத்தான். இஸ்கூலுக்கு. பொட்டி குடுத்தவங்ககிட்டயே போய் சொல்லிடறேன்."

என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்னு. கயல் பேரை அதுல எழுதிட்டோமேம்மா. நாளைக்கு கேசு கீசுன்னா அவ பேர்லதான போவும். சம்பந்தி வூட்டு வாசல்ல போய் நிப்பாங்க. அவுங்க தேடிகினு வர்றதுக்குள்ள நாமளே போய் ஒப்புகினா வுட்டுடுவாங்க."

யாரும் வர மாட்டார்கள் மாமா, இது வேறு ஏதோ கோளாறு, திரும்பி வந்துவிடுங்கள் என்றாள் சுதா.

"அன்னிக்கும் ஊர்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொன்னாங்க" என்றார். "யாரும் வர மாட்டாங்கன்னு."

பத்திரமாகப் போய்விட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு, சென்னை நிறுவனத்தின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்றரை வரை பார்க்கலாம், அதற்குமேல் அந்த மனிதரைக் காக்கவைப்பது முறையல்ல, தானே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்ததும் அழுகை வந்தது. கொஞ்சம் அழுதுவிட்டு, மறுபடியும் அணைத்துப் போட்டாள். அதே இரண்டு வரிகள்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவள் பிற்பாடு இரண்டு பேர் வாயால் கேட்டாள். மாமனார் சொன்னதும் அங்கே இருந்த கம்ப்யூட்டர் ஆசிரியர் கங்காதரன் சொன்னதும் ஒன்றுக்கொன்று அவ்வளவாக ஒட்டவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்து லேப்டாப் என்று ஆரம்பித்ததும், பேத்திக்கு லேப்டாப் கேட்டு வந்திருக்கிறார் என்று அலுவலகத்தில் நினைத்தார்களாம். இல்லை, தப்பு நடந்துபோச்சு என்றதும் லேப்டாப் திருடு போய்விட்டது என்று நினைத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்களாம். ஸ்டேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர், எல்லாம் என் பொறுப்பு, பொண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கையெழுத்து நன்றாகவே போட வரும். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல்தான் வகுப்பில் இருந்த கங்காதரனைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கங்காதரன் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு சின்னசாமியின் போனிலிருந்தே சுதாவைக் கூப்பிட்டார். அப்போது மணி மூன்று இருக்கும்.

"உங்க மாமனார் இங்க சரண்டர் ஆக வந்திருக்காரும்மா" என்றார். "நல்லதாப் போச்சு. உங்க திரையில என்ன இருக்குன்னு அப்படியே படிங்க."

படித்தாள். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எந்தப் பக்கம் போகணும் என்று ஆரம்பத்தில் கேட்கிறதே, அந்த வாசல்காரன் நீங்கள் அழித்த பக்கத்தில் குடியிருந்தவன் என்றார். அவன் இருந்த வீட்டை இடித்துவிட்டீர்கள், அதனால் வாசலில் நின்று முழிக்கிறான். விண்டோஸுக்கு ஒரு குறையும் இல்லை, வேறு வாசல் வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான். அணைத்துவிட்டு, போட்ட நொடியிலிருந்து மேலே இருக்கும் எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டச் சொன்னார்.

சுதா தட்டினாள். முதல் தடவை பிந்திவிட்டது, அதே இரண்டு வரிகள் வந்தன. அவசரப்படாதீங்கம்மா என்றார் அவர். இரண்டாம் தடவை வேறொரு சின்னப் பெட்டி திறந்து, அதில் ஒரு வரியில் விண்டோஸ் என்ற பெயர் இருந்தது. அதன்மேல் வைத்து அழுத்தினாள். நீல வெளிச்சம் வந்தது. சின்ன வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பாப்பாவின் படம் வைத்த முகப்பு வந்ததும் அவள், வந்துடுச்சு சார் என்றாள். குரல் எப்படி இருந்ததோ, அவர் கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்ததைச் சொன்னார். இப்படியே விட்டால் ஒவ்வொரு முறையும் வாசல்காரன் வருவான் என்று, இன்னொரு விசையைத் தட்டி உள்ளே போய் விண்டோஸை முதல் இடத்துக்கு ஏற்றி வைக்கவும் வழி சொல்லிக் கொடுத்தார். அதையும் செய்தாள். அணைத்துப் போட்டாள், நேராக விண்டோஸுக்குள் போயிற்று. டி டிரைவ் அப்படியே இருந்தது. பெயரும் இருந்தது.

பிறகு போன் மாமனார் கைக்கு மாறியது.

"வந்துச்சாம்மா?"

"வந்துடுச்சு மாமா."

"சார் சொல்றாரு, பொட்டி முழுசும் கயலுதாம். பாதி கீதி இல்லியாம். அந்த மேல் வரி படிக்கிற புள்ளைங்க பழகறதுக்குக் குடுத்தது. வேணும்னா வெச்சிக்கலாம், வேணாம்னா எடுத்துடலாமாம்." இதை அவர் பெரிய நிம்மதியோடு சொன்னதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் காலி இடத்துக்குக் காவல் இருந்துவிட்டோமே என்பதுபோல இருந்தது. பின்னால் யாரோ டீ சாப்பிடுங்க ஐயா என்று சொல்வதும், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வதும் கேட்டன.

நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. முருகவேல் என்று அந்த ஆள் பெயர் சொன்னார், சின்ன வயசுக் குரல். அங்கிருந்தே சுட்டியை நகர்த்தினார். சுதா கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குள் வேறொருவர் நடப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெமரி பார்த்தார், நெட் வேகம் பார்த்தார். நெட் ஒரு முறை தொங்கி, அவள் நெஞ்சும் கூடவே தொங்கி, மறுபடி வந்தது. டி டிரைவைத் திறந்தார்.

கயல்னு போட்டிருக்கே, உங்க பேர் சுதாதானே, இது வேறு யாராவது பயன்படுத்துகிற கம்ப்யூட்டரா என்று கேட்டார். நாத்தனாருடையது, அவளைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறேன், வேலை நேரத்தில் வேறு யாரும் தொட மாட்டார்கள் என்றாள். சரி என்று ஏதோ குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் மென்பொருளை டி டிரைவில் ஏற்ற ஆரம்பித்தார். ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

அது ஏறிக்கொண்டிருக்கும்போது சின்னசாமி வந்து சேர்ந்தார். கையில் பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சத்தம் போடாமல் பின்னால் வந்து நின்றார். திரையில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. அது என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாட்டைக் கட்டப் போனார்.

இரவு சுதா கயல்விழியிடம் பேசினாள். சம்பளம் வர ஆரம்பித்ததும் தவணையில் வேறொன்று வாங்கிக்கொள்கிறேன், இது உன்னிடம் வந்துவிடும் என்றாள். கயல்விழி, நைனா சட்டை போட்டுக்கொண்டு போன கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டு முறை கேட்டாள். முதல் முறை சிரித்தாள். இரண்டாம் முறை, அவர் எதற்காகப் போனார் என்ற இடம் வந்தபோது, சரி அண்ணி, தறி ஓடுது என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, சுதா வேலையில் சேர்ந்தாள். முதல் மூன்று மாதம் பயிற்சி.